தண்ணீர் விலை ஏறினால் கடைக்காரர்கள் குறைக்கிறார்களா? எனக்கு −0.96 வருகிறது, நம்பலாமா?

கூறைநாடு மாணவி கேட்கிறார்

வணக்கம். மயிலாடுதுறை கூறைநாட்டில் இருக்கிறேன். எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. டெல்டாவின் சிறு நகரங்களில் ஓட்டல், லாட்ஜ், கல்யாண மண்டபம், சலூன் மாதிரியான வணிக இடங்களில் தண்ணீர் விலை ஏறினால் உபயோகம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் என் ஆய்வேட்டுத் தலைப்பு. பாடப்புத்தகத்தில் தேவையின் விலை நெகிழ்ச்சி என்று படித்திருப்பீர்கள். விலை 10 சதவீதம் ஏறி உபயோகம் 3 சதவீதம் குறைந்தால் நெகிழ்ச்சி −0.3.

வயலுக்குப் போகிற தண்ணீரைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேசாத ஆள் கிடையாது. மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி என்று டீக்கடையில் நிற்கிற சின்னப் பையன்கூடச் சொல்வான். ஆனால் அந்த டீக்கடை ஒரு நாளைக்கு எத்தனை குடம் செலவழிக்கிறது, அதற்கு எவ்வளவு கொடுக்கிறது என்று யாரும் கேட்டு எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் ஆசைப்பட்டு எடுத்த தலைப்பு.

கணக்கெடுத்த ஊரின் பெயர் வேண்டாம். மாயவரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே 42 கடைகள். எல்லோருக்கும் குழாய் இணைப்பு உண்டு, மீட்டர் ஒருவருக்கும் இல்லை. வணிக இணைப்புக்கு மாதம் 200 ரூபாய் என்று இருந்ததை 300 ஆக்கினார்கள். ஏற்றுவதற்கு முன்பு வகுப்பு வேலை ஒன்றுக்காக ஒரு மாதக் கணக்கு எடுத்து வைத்திருந்தேன். ஏற்றிய பிறகு அதே கடைகளுக்கு மறுபடி போனேன். ஆகக் கடைக்கு இரண்டு வரி, மொத்தம் 84 வரி.

டேங்க் எத்தனை லிட்டர், நாளைக்கு எத்தனை தடவை நிரப்புகிறீர்கள் என்று கேட்டு உபயோகத்தைக் கணக்கிட்டேன். டேங்க் இல்லாத இடத்தில் குடங்களை எண்ணினேன். விலைக்கு, மாதக் கட்டணத்தை மாத உபயோகத்தால் வகுத்தேன். ஆயிரம் லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று வந்தது. இரண்டுக்கும் லாக் (மடக்கை) எடுத்து எக்செல்லில் ரெக்ரஷன் போட்டேன், அதாவது விலை மாறினால் உபயோகம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு.

விடை: நெகிழ்ச்சி −0.96. ஆர் ஸ்கொயர் (உபயோக வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை விலை விளக்குகிறது என்ற அளவு, உச்சம் 1) 0.96. என் வழிகாட்டி பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது, எழுத ஆரம்பி என்றார்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. −0.96 என்றால், 200 ரூபாய் 300 ஆனபோது தண்ணீர் உபயோகம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்க வேண்டும். நான் போன எந்தக் கடையிலும் அப்படிக் குறைந்ததாகத் தெரியவில்லை. அதே டேங்க், அதே இரண்டு தடவை.

எங்கள் அப்பா இங்கே சின்னதாக மெஸ் வைத்திருக்கிறார். மதியம் 120 சாப்பாடு போகும். அவரிடம் கேட்டேன். "இட்லி அரிசியை மூணு தண்ணியில கழுவுறோம். கட்டணம் ஏறிடுச்சுன்னு ரெண்டோட நிறுத்த முடியுமாம்மா?" என்றார். அவர் சொன்னதையும் என் எக்செல் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தூக்கம் வரவில்லை. எங்கே தவறினேன் என்று யாராவது சொல்லுங்கள்.

திருச்சி புள்ளியியல் ஆசிரியர்

அம்மா, உங்கள் அப்பா சொன்னது சரி. எக்செல்லும் தப்பாகக் கூட்டவில்லை. தவறு, விலை என்று நீங்கள் பெயர் வைத்த எண்ணில் இருக்கிறது.

ஒரு மெஸ் மாதம் 90,000 லிட்டர் எடுக்கிறது என்று வையுங்கள். 200 ரூபாயை வகுத்தால் ஆயிரம் லிட்டருக்கு 2 ரூபாய் 22 காசு. பக்கத்தில் தையல் கடை, மாதம் 1,500 லிட்டர். அதே 200 ரூபாய், ஆயிரம் லிட்டருக்கு 133 ரூபாய். உடனே படம் எப்படித் தெரிகிறது? விலை குறைவான இடத்தில் உபயோகம் அதிகம், விலை கூடின இடத்தில் உபயோகம் குறைவு. தையல்காரர் விலைக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தார் என்று ரெக்ரஷன் நினைத்துக்கொள்கிறது. அவருக்கோ குடிக்கவும் கை கழுவவும் அவ்வளவுதான் தேவை.

லாக்கில் எழுதிப் பாருங்கள். விலையின் லாக் என்பது கட்டணத்தின் லாக் கழித்தல் உபயோகத்தின் லாக். அப்படியானால் உபயோகம் சமன்பாட்டின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. கட்டணம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்திருந்தால் விடை அச்சாக −1 வந்திருக்கும், ஆர் ஸ்கொயர் 1 வந்திருக்கும். நடுவில் 200 என்பது 300 ஆனதால் கொஞ்சம் பிசகி 0.96 ஆகியிருக்கிறது. நெகிழ்ச்சியும் ஆர் ஸ்கொயரும் ஒரே எண்ணாக வந்திருக்கின்றன, கவனித்தீர்களா? கட்டணம் ஏறியும் யாரும் உபயோகத்தை மாற்றவில்லை என்றால் இந்தக் கணக்கில் அந்த இரண்டும் ஒன்றாகத்தான் வரும். உங்கள் 0.96 உண்மையில் சொல்வது, ஒருவரும் குறைக்கவில்லை என்பதைத்தான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு சோதனை. எக்செல்லில் 84 வரிக்கு மனம் போனபடி எண்களைப் போடுங்கள், 1-லிருந்து 100 வரை எதுவாகவும் இருக்கட்டும். பாதிக்கு 200-ஐயும் மீதிக்கு 300-ஐயும் அந்த எண்ணால் வகுத்து விலை என்று வைத்துக்கொண்டு இதே ரெக்ரஷனைப் போடுங்கள். தண்ணீரே இல்லாத அந்தக் கணக்கிலும் −1-க்குப் பக்கத்தில் ஓர் எண் வந்து நிற்கும். என் மாணவர்களுக்கு இதை முதல் வாரமே செய்துகாட்டுவது வழக்கம். ஒரு தடவை கண்ணால் பார்த்தவர்கள் அப்புறம் மறப்பதில்லை.

விலை என்பது, இன்னொரு குடம் எடுத்தால் இன்னும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது. இறுதிநிலை விலை என்று படித்திருப்பீர்கள். மீட்டர் இல்லாத குழாயில் அது பூஜ்யம். 200 ஆனாலும் 300 ஆனாலும் அடுத்த குடத்துக்குப் பூஜ்யம்தான். அந்தக் கட்டணம் உயர்ந்தால் கடைக்காரர் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: இணைப்பை வைத்துக்கொள்வதா, துண்டித்துவிடுவதா.

மீட்டர் வைத்து விற்கும் ஊர்களில் என்ன கண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் எண்ணை எதனோடாவது ஒப்பிட வேண்டுமே. வீட்டுத் தண்ணீருக்குப் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு 1997-ல் ஒன்று வந்தது, சராசரி −0.51. 2003-ல் வந்த இன்னொன்றில் −0.41. தொழில் நிறுவனங்களுக்கு, பிரான்சின் ஜிரோந்த் பகுதியில் 51 நிறுவனங்களின் 1994 முதல் 1996 வரையிலான கணக்கை வைத்து 2003-ல் வந்த ஆய்வில், குழாய்த் தண்ணீரின் நெகிழ்ச்சி சராசரியாக −0.29. தொழிலுக்குத் தொழில் −0.10 முதல் −0.79 வரை விரிந்திருந்தது. சராசரியை விட அந்த விரிவுதான் உங்களுக்கு உதவும். சலூனையும் கல்யாண மண்டபத்தையும் ஒரே ரெக்ரஷனில் போட்டுக் கலக்காதீர்கள்.

கும்பகோணம் மோட்டார் மெக்கானிக்

தங்கச்சி, லாக் எனக்குத் தெரியாது. ஆனால் ஆசிரியர் கடைசியில் கேட்டாரே, இன்னொரு குடத்துக்கு எவ்வளவு என்று, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. இருபத்தாறு வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன்.

நம் பக்கத்துக் கடைக்காரர்கள் குழாயை நம்பிக் கடை நடத்துவதில்லை. குழாய் வருகிற நேரம் வரும், அதைப் பிடித்துக் குடிக்க, சமைக்க வைத்துக்கொள்வார்கள். கழுவுகிறது, துடைக்கிறது, குளிக்கிறது, கக்கூஸ் எல்லாம் போர்த் தண்ணீர். போர்த் தண்ணீரின் விலை கரண்ட் பில்லில் இருக்கிறது. தண்ணீருக்கு என்ன செலவு என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள், அவர்கள் குழாய் வரியைச் சொல்லியிருப்பார்கள். மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

அளக்க ஒரு வழி சொல்கிறேன், காசு செலவில்லை. கரண்ட் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சடித்திருக்கும். 3200 என்று இருக்கும், சிலதில் 1600. கடையில் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் போடுங்கள். டேங்க் அடிமட்டத்திலிருந்து நிரம்பி வழிகிற வரைக்கும் மினுக்கை எண்ணுங்கள். இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவர் மீட்டரில், ஒருவர் மொட்டைமாடியில். எண்ண முடியாவிட்டால் போனில் வீடியோ எடுத்து அப்புறம் எண்ணலாம். 3200-ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்று வந்துவிடும்.

இன்னும் மூன்று விஷயம் கவனியுங்கள்.

மாடியில் வீடு, கீழே கடை என்று இருக்கிற இடத்தில் மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது என்று பாருங்கள். வீட்டு மீட்டரில் என்றால் விலையே வேறு, இலவச யூனிட்டும் அதில் வரும். இதைக் கடைக்காரரிடம் பக்குவமாகக் கேளுங்கள், பயந்துகொள்வார்கள்.

ஜெட் பம்பும் சப்மெர்சிபிளும் ஒன்றில்லை. ஜெட் பம்பு மேலே ஏற்றின தண்ணீரில் பாதியைத் திருப்பிக் கீழே அனுப்பித்தான் மறுபடி இழுக்கும். இரண்டு தடவை காயில் கட்டின பழைய மோட்டார் என்றால் இன்னும் மோசம். ஒரே தெருவில் இரண்டு கடை, ஒரே போர் ஆழம், ஆயிரம் லிட்டருக்கு ஒரு கடை மோட்டார் கால் யூனிட் எடுக்கும், இன்னொரு கடை மோட்டார் அரை யூனிட் எடுக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஆறு. ஆற்றில் தண்ணீர் வந்து இரண்டு மூன்று வாரத்தில் போரில் மட்டம் ஏறும். என் பட்டறை டேங்க் மே மாதம் நிரம்ப 30 நிமிடம் ஆகும். ஆடிப்பெருக்கு கழிந்து பார்த்தால் 24 நிமிடம். காவிரி வந்தால் கடைத்தெருவிலும் தண்ணீர் விலை இறங்குகிறது. யாரும் அதை விலை என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

திருச்சி புள்ளியியல் ஆசிரியர்

மெக்கானிக் ஐயா எழுதிய கடைசிப் பத்தியை மூன்று தடவை படித்தேன். அந்த ஆறு நிமிடத்தில் இந்த ஆய்வுக்கு வேண்டிய வழி ஒன்று இருக்கிறது.

நெகிழ்ச்சியைக் கணக்கிட, கடைக்காரரின் கையில் இல்லாத ஏதோ ஒன்று விலையை ஏற்றி இறக்க வேண்டும். மேட்டூர் திறப்பு அப்படிப்பட்டது. வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2, 2018-ல் ஜூலை 19, 2019-ல் ஆகஸ்ட் 13. 2020-ல் ஜூன் 12-க்கே திரும்பியது, 2022-ல் மே 24-க்கே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28. எந்த மெஸ்காரரும் இந்தத் தேதிகளை முடிவு செய்யவில்லை. தண்ணீர் தள்ளிப்போன வருடம் போர் மட்டம் அதிக நாள் கீழே கிடக்கும், ஆயிரம் லிட்டர் ஏற்றும் செலவு கூடும்.

ஆனால் ஒரு சிக்கல், அதைச் சொல்லாவிட்டால் நான் ஆசிரியன் இல்லை. ஆறு வந்தால் நடவு வேலை வரும், கூலிப் பணம் ஊருக்குள் வரும், மெஸ்ஸில் கூட்டம் கூடும். தண்ணீர் உபயோகம் ஏறியது விலை இறங்கியதாலா, கூட்டத்தாலா? அதனால் மொத்த லிட்டரை எடுக்காதீர்கள். ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை லிட்டர் என்று எடுங்கள். லாட்ஜுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவு. மண்டபத்துக்கு ஒரு பந்திக்கு. மண்டபத்தில் ஆடியும் மார்கழியும் கிட்டத்தட்டப் பூஜ்யம், தையும் ஆவணியும் தள்ளமுடியாத கூட்டம். முகூர்த்தத்தைக் கணக்கில் எடுக்காமல் விலையைப் பேசினால் விடை பஞ்சாங்கத்தைத்தான் அளந்திருக்கும். 2020-ன் ஊரடங்கு மாதங்களை எடுத்தே விடுங்கள்.

மின்கட்டண உயர்வை மட்டும் வைத்து ஆய்வு செய்துவிடலாமா என்று தோன்றும். வணிக இணைப்புக்கு 2022 செப்டம்பர் 10, பிறகு 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024 ஜூலையில் 4.83 சதவீதம் என்று ஏறியது. தேதி துல்லியமாக இருக்கிறது, ஆசை வரும். ஆனால் நெகிழ்ச்சி −0.3 என்றே வைத்தாலும் 4.83 சதவீதத்துக்குக் குறைவது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. நாளைக்கு 3,000 லிட்டர் செலவழிக்கும் கடையில் அது 43 லிட்டர், மூன்று குடம். டேங்கை எத்தனை தடவை நிரப்பினீர்கள் என்று கேட்டு எழுதும் கணக்கில் மூன்று குடம் கண்ணுக்கே தெரியாது.

வேளாங்கண்ணி லாட்ஜ் மேலாளர்

எங்கள் கடற்கரைப் பக்கத்தையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். மாயவரத்தில் போர் போட்டால் நல்ல தண்ணீர். இங்கே எங்கள் போரில் வருவது உப்பு. கக்கூஸுக்கும் தரை கழுவவும் போர், குளிக்க லாரித் தண்ணீர். 32 அறை, இரண்டு தனிப் பைப். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் குடிக்கவும் சமைக்கவும் போய்விடும்.

லாரித் தண்ணீர்தான் எனக்கு விலை. ஒவ்வொரு லாரிக்கும் கையில் காசு எண்ணிக் கொடுக்கிறேன், அதனால் மனதில் நிற்கிறது. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த பிறகு கரண்ட் இல்லாமல், லாரி கிடைக்காமல் பட்டபாட்டை இங்கே எழுத முடியாது. அந்த மாதக் கணக்கை நீங்கள் சேர்க்காதீர்கள், அப்போது விலை என்ற ஒன்றே இல்லை, கிடைத்தால் வாங்கினோம்.

அதற்கு அடுத்த வருடம் லாரிக்காரர்கள் விலையை ஏற்றி, ஏற்றினபடியே வைத்தார்கள். முதல் இரண்டு மூன்று மாதம் நான் ஒன்றுமே குறைக்கவில்லை. வருகிறவர் குளிக்காமல் இருப்பாரா? நாகூர் போய், வேளாங்கண்ணி வந்து, வெயிலில் அலைந்து வருகிறவர்கள். முதலாளி திட்டினார், நான் கொடுத்தேன். பிறகு ஷவரை எடுத்துவிட்டு வாளியும் மக்கும் வைத்தோம், அது ஒரே நாளில் முடிந்தது. ஒழுகும் குழாய்களுக்கு ஆள் வைத்தோம். எட்டு மாதம் கழித்து, அறைகளுக்குப் பெயின்ட் அடிக்கும்போது கக்கூஸ் டேங்க் எல்லாவற்றையும் சின்னதாக மாற்றினோம். ஓர் அறை ஓர் இரவுக்கு எத்தனை லிட்டர் என்று நான் நோட்டில் எழுதி வைப்பவன். முதல் மூன்று மாதம் 190, வருடம் திரும்பியபோது 140. விலை ஏறின தேதி ஒன்றுதான், தண்ணீர் குறைந்த தேதி மூன்று. நீங்கள் ஏற்றத்துக்கு முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம் பார்த்தேன் என்கிறீர்கள். என் லாட்ஜில் அப்படிப் பார்த்திருந்தால் இந்த ஆள் விலைக்கு அசையவே மாட்டான் என்று எழுதியிருப்பீர்கள்.

இன்னொன்று, சாப்பாட்டுப் பக்கம். எங்கள் கீழ்த்தளத்தில் ஓட்டல் இருக்கிறது. இலையில் போட்டால் கழுவ வேண்டாம். தட்டில் போட்டால் கழுவ வேண்டும். தட்டுமேல் வட்ட இலை வைத்தால் பாதி. கஜாவில் வாழை மொத்தமாகச் சாய்ந்தபோது இலை விலை ஏறித் தட்டுக்கு மாறினோம், பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் கூடிவிட்டது. தண்ணீர் விலையை மட்டும் பார்த்தால் போதாது, இலை விலையையும் கேளுங்கள்.

திருப்பூரில் இருக்கும் மன்னார்குடிக்காரன்

சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறேன், பத்து வருடத்துக்கு மேல். இங்கே பெரிதாக நடந்ததைச் சொல்கிறேன். தொழிற்சாலைகளுக்குக் குழாயில் தண்ணீர் விற்க ஒரு திட்டம் வந்து 2005, 2006 வாக்கில் ஓட ஆரம்பித்தது. ஊர்களின் குடிநீரையும் சேர்த்துத் தினம் 18.5 கோடி லிட்டர் தரும் அளவுக்குக் கட்டினார்கள். அதற்கு முன்னால் லாரித் தண்ணீருக்குப் பட்டறைகள் கொட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன, அதனால் நிச்சயம் வாங்குவார்கள் என்று எண்ணம். நினைத்த அளவு வாங்கவில்லை. மழை பெய்து கிணறு ஊறினால் கிணற்றுக்குப் போய்விடுவார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் தேவை ஒரேயடியாக விழுந்தது. பிறகு கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்ப உபயோகித்தால்தான் திறக்கலாம் என்று ஆனது, அப்புறம் புதுத் தண்ணீர் வாங்குவது இன்னும் குறைந்தது.

தங்கச்சி, தண்ணீர் உபயோகம் குறைந்திருந்தால் அது விலையால்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே குறைத்தது கோர்ட்டு. பக்கத்தில் வேறு தண்ணீர் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கூறைநாடு மாணவி

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள், சும்மா இருக்கவில்லை.

ஆசிரியர் ஐயா சொன்னபடி முதலில் 84 வரிக்குச் சும்மா எண்களைப் போட்டேன். −0.95 வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வழிகாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரும் உட்கார்ந்து தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தார். பழைய அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

பிறகு மெக்கானிக் அண்ணன் சொன்ன சோதனை. ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவு. தம்பியை மொட்டைமாடியில் நிறுத்திவிட்டு நான் மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு ஹெச்.பி. ஜெட் பம்பு, 1,000 லிட்டர் டேங்க். 26 நிமிடம், 1,340 மினுக்கு. மீட்டரில் 3200 என்று போட்டிருந்தது. அப்படியானால் 0.42 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் ஆயிரம் லிட்டர் 4 ரூபாய் 20 காசு. அண்ணே, புத்தகத்தைப் பார்த்து ஒரு கணக்கும் போட்டேன். ஆயிரம் லிட்டரை ஒரு மீட்டர் உயரம் தூக்க 0.0027 யூனிட் போதும். எங்கள் வீட்டில் போர் மட்டத்திலிருந்து டேங்க் வரை, பைப் தடையையும் சேர்த்து 20 மீட்டர் என்றால் 0.055 யூனிட்தான் ஆக வேண்டும். நாங்கள் செலவழிப்பது அதைப்போல ஏழெட்டு மடங்கு. நீங்கள் சொன்ன காயில் கட்டின மோட்டார் எங்களுடையதுதான், இரண்டு தடவை கட்டியது. அப்பாவிடம் சொன்னேன், மோட்டாரை மாற்றலாமா என்று யோசிக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவின் கணக்கு நோட்டைப் பிரித்தேன். அப்போதுதான் இது கண்ணில் பட்டது. மெஸ்ஸில் நாளைக்கு 3,000 லிட்டர் போர்த் தண்ணீர். அதற்கு ஆகும் கரண்ட் 12 ரூபாய் 60 காசு. குடிக்க வைக்கும் தண்ணீர் 20 லிட்டர் கேன், நாளைக்கு ஐந்து. கேன் 35 ரூபாய், ஆக 175 ரூபாய். மாதம் 26 நாளுக்குப் போர்த் தண்ணீர் 330 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, கேன் 4,550 ரூபாய். ஆயிரம் லிட்டராகப் பார்த்தால் கேன் தண்ணீர் 1,750 ரூபாய், போர்த் தண்ணீரைப் போல நானூறு மடங்குக்கு மேல்.

இரண்டு வருடமாக ஆய்வு, தலைப்பு என்று அலைந்திருக்கிறேன், என் வீட்டு நோட்டிலேயே இருந்ததைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன், கேன் விலை 30-லிருந்து 35 ஆனபோது என்ன செய்தீர்கள் என்று. யோசிக்கவே இல்லை, உடனே சொன்னார். முன்பு மேசைக்கு ஒரு ஜக் வைப்பாராம், குடித்தது போக மிச்சத்தைக் கொட்ட வேண்டியிருக்கும். விலை ஏறியதும் ஜக்கை எடுத்துவிட்டு, கேட்டால் டம்ளரில் ஊற்றச் சொல்லியிருக்கிறார். ஏழு கேன் ஐந்தானது அப்போதுதான். அரிசி கழுவுகிற தண்ணீரில் ஒரு சொட்டுக் குறைக்காத அதே மனிதர்.

அதனால் தலைப்பைக் கொஞ்சம் மாற்றுகிறேன். ஒரே கடை, மூன்று தண்ணீர்: குழாய், போர், கேன். மூன்றுக்கும் தனித்தனி விலை, தனித்தனி நெகிழ்ச்சி. இந்த முறை இரண்டு மாதத்தோடு நிறுத்தப் போவதில்லை. லாட்ஜ் ஐயா சொன்னபடி விலை ஏறி ஒரு வருடம் வரைக்கும் நோட்டு இருக்கிற கடைகளாகத் தேடப் போகிறேன். கேன் போடுகிறவர் எல்லாக் கடையிலும் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குகிறார், அது கிடைத்தால் போதும். இலை விலைக்கும் ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி. கேன் விலை எல்லாக் கடைக்கும் ஒன்றில்லை, நிறைய எடுக்கிறவருக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார்கள். மறுபடி அதே வலையில் விழுகிறேனா?

திருச்சி புள்ளியியல் ஆசிரியர்

விழப் பார்த்தீர்கள், நீங்களே கண்டுபிடித்தும்விட்டீர்கள். நிறைய எடுப்பதால் விலை குறைகிறது என்றால், விலை குறைந்ததால் நிறைய எடுத்தார் என்று ரெக்ரஷன் திருப்பிப் படித்துவிடும். அதனால் கடையையும் கடையையும் ஒப்பிடாதீர்கள். ஒரே கடையின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடுங்கள், ரெக்ரஷனில் கடைக்கு ஒரு தனி மாறிலி (அந்தக் கடைக்கே உரிய மாறாத எண்) போட்டால் அது நடந்துவிடும். விலைக்கு அந்தக் கடை கொடுத்ததை எடுக்காமல், கேன் போடுகிறவர் அந்தத் தெருவுக்கு வைத்திருக்கும் பொது விலையை எடுங்கள். அவர் எல்லோருக்கும் ஏற்றிய தேதிதான் உங்களுக்கு வேண்டியது. உபயோகம், நூறு சாப்பாட்டுக்கு எத்தனை கேன் என்று இருக்கட்டும். வெயில் மாதம் தாகம் கூடும், அதனால் மாதத்துக்கும் ஒரு மாறிலி.

எத்தனை கடை கிடைக்கும்?

கூறைநாடு மாணவி

கேன்காரர் அண்ணனிடம் பேசிவிட்டேன் ஐயா. பட்டமங்கலத் தெரு, மகாதானத் தெரு, மணிக்கூண்டுப் பக்கம் சேர்த்து 31 கடைக்கு அவர்தான் போடுகிறார். பழைய நோட்டுகளை அவர் வீட்டில் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாராம், அவர் மனைவி பழைய பேப்பருக்குப் போடலாம் என்று இருந்திருக்கிறார். நாளைக் காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்புவதற்குள் போய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தம்பியும் வருகிறான்.